கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவா, பிக்சல் 10 ப்ரோ எக்ஸ்எல்லா? திருகோணமலையில் வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

விலை கூடிய இரண்டு அண்ட்ரொய்ட் போன்களுக்கு நடுவே மனம் ஊசலாடும்போது எல்லோரும் முதலில் போவது யூடியூப்புக்கு. அங்கே காட்டப்படும் போன் பெரும்பாலும் இந்தியாவில் அல்லது அமெரிக்காவில் விற்றது. மத்திய வீதியிலோ என்.சி. வீதியிலோ கடைக்காரர் உங்கள் முன் எடுத்து வைக்கும் பெட்டி டுபாயிலிருந்து வந்திருக்கலாம், ஹொங்கொங்கிலிருந்து வந்திருக்கலாம், கொரியாவிலிருந்தும் வந்திருக்கலாம். பெயர் ஒன்று, நிறம் ஒன்று. உள்ளே சிம் இடமும் மென்பொருளும் வாரண்டியும் வேறு. ஆகவே இந்த வழிகாட்டி பெட்டியில் தொடங்குகிறது. கமராவும் பற்றரியும் அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டாக இரண்டு போன்களை வைத்துக்கொள்வோம்: 2025 ஜனவரியில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா, அதே ஆண்டு ஓகஸ்ட்டில் அறிமுகமான கூகுள் பிக்சல் 10 ப்ரோ எக்ஸ்எல். இவற்றுக்கு அடுத்து வரும் மாடல்களுக்கும் இதே ஒழுங்கில் போகலாம்.

பெட்டியின் பின்பக்கம்

பெட்டியைப் பிரிக்காமலே மாடல் எண்ணை வாசியுங்கள். எஸ்25 அல்ட்ராவில் அது எஸ்எம்-எஸ்938 என்று தொடங்கும்; கடைசி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'பி' என்று முடிந்தால் சர்வதேச மாடல். 'யு' அல்லது 'யு1' அமெரிக்க மாடல், 'என்' கொரிய மாடல், எழுத்துக்குப் பதில் பூச்சியம் வந்தால் சீனா, ஹொங்கொங் பக்கத்து மாடல். கொரிய மாடலில் படம் எடுக்கும் சத்தத்தை வழமையான முறையில் நிறுத்த முடியாது. கோயிலிலும் வகுப்பறையிலும் 'டிக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்க மாடலில் இரண்டு நனோ சிம் போட இடமில்லை, ஒரு சிம்மும், போனுக்குள்ளேயே பதியும் கழற்ற முடியாத இ-சிம் ஒன்றும்தான். டயலொக் ஒன்று, மொபிடெல் ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருப்பது இங்கே சாதாரணம். அப்படிப்பட்டவர் இதை வீட்டுக்குப் போய்த்தான் அறிகிறார் என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

பிக்சல் 10 ப்ரோ எக்ஸ்எல்லில் இதைவிடப் பெரிய பொறி உண்டு. அமெரிக்காவில் விற்கும் பெட்டியில் சிம் தட்டே கிடையாது, முழுக்க இ-சிம். மற்ற நாடுகளுக்கான மாடலில் ஒரு நனோ சிம் இடமும் இ-சிம்மும் இருக்கும். இலங்கையில் இ-சிம் எடுக்கலாம், அதில் தடையில்லை. சிக்கல் போன் பழுதாகும் நாளில் வரும். சாதாரண சிம் என்றால் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டு வேலையைப் பார்க்கலாம். இ-சிம் என்றால் அதை இன்னொரு போனுக்கு மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும், அந்தப் போனும் இ-சிம் ஏற்பதாக இருக்க வேண்டும். வங்கியின் ஓடிபி முழுக்க அந்த எண்ணுக்கு வருபவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும். போனின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். ஊசி நுழையும் சிறு துளையோடு சிம் தட்டு இல்லையென்றால் அது அமெரிக்கப் பெட்டி.

சாம்சங் பெட்டியில் பிராந்தியத்தைக் குறிக்கும் ஒட்டுச்சீட்டு இருந்தால் அதையும் வாசியுங்கள். சில பெட்டிகளை முதலில் அந்தப் பிராந்தியத்துச் சிம் ஒன்றைப் போட்டு ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் அழைப்பு எடுத்துத் திறக்க வேண்டும். அதைச் செய்யாத போனில் உங்கள் சிம்மைப் போட்டால் 'நெட்வேர்க் லொக்' என்று நிற்கும். கடைக்காரர் "அது பிறகு சரியாகும்" என்றால், சரியாக்கித் தந்த பிறகு காசு கொடுங்கள்.

1909 சோதனை

பெட்டியில் அச்சிட்ட ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), போனில் *#06# அழுத்தினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு உங்கள் சொந்தப் போனிலிருந்து, ஐஎம்இஐ என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் அடித்து 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். கடையில் 'டிஆர்சி போன்' என்று சொல்வது இதைத்தான். இரண்டு சிம் வசதியுள்ள போனில் இரண்டு ஐஎம்இஐ இருக்கும், இரண்டையும் அனுப்புங்கள். ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது பலரும் செய்யும் பிழை. பதில் வரும் வரை கடையிலேயே இருங்கள், தேத்தண்ணி தந்தால் குடியுங்கள், காசு மட்டும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

உங்கள் சிம்மில் குரல் எப்படிப் போகிறது

இந்த இரண்டு போன்களையும் இங்கே வைத்து ஒப்பிடும்போது மிகப் பெரிய வேறுபாடு இதில்தான் இருக்கிறது. கமராவில் அல்ல, சிப்பில் அல்ல.

4ஜி வழியாகவே குரல் அழைப்பு போவதை வோல்டி என்பார்கள். அது இல்லாத போனில் அழைப்பு எடுத்தவுடன் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். மணி அடிக்கத் தாமதமாகும், குரல் கரகரக்கும், பேசிக்கொண்டிருக்கும்போது இணையம் மந்தமாகும் அல்லது நின்றே போகும். வைஃபை வழியாகக் குரல் அழைப்பு எடுக்கும் வசதியும் இதோடு சேர்ந்ததே. தடித்த சுவர் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோட்டில் நிற்பவர்களுக்கு அது பெரிய உதவி.

பிக்சலில் வோல்டி, வைஃபை அழைப்பு, 5ஜி ஆகிய மூன்றும் கூகுள் அந்த நாட்டுச் சேவை நிறுவனத்துக்கு அனுமதி வைத்திருந்தால்தான் திறக்கும். கூகுள் தானே பிக்சல் விற்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்கே பிக்சல் வைத்திருப்பவர்கள் சிலர் தனி அப் ஒன்றைப் போட்டு அந்த அமைப்பை வற்புறுத்தித் திறக்கிறார்கள். அது கூகுளின் வழியல்ல. ஓர் அப்டேட் வந்ததும் அடைபட்டுப் போகலாம். "அண்ணா, நாங்கள் போட்டுத் தாறம், வேலை செய்யும்" என்று கடையில் சொன்னால் அது பொய்யில்லை. எத்தனை மாதத்துக்கு வேலை செய்யும் என்பதற்கு மட்டும் உத்தரவாதமில்லை.

சோதிக்கும் முறை இது. உங்கள் சிம் வோல்டி தரும் சிம்தானா என்பதை, ஏற்கெனவே வோல்டி ஓடும் ஒரு போனில் போட்டு உறுதிசெய்யுங்கள். பழைய சிம் என்றால் முதலில் 4ஜி சிம்மாக மாற்ற வேண்டி வரலாம். இதைச் செய்யாவிட்டால் சிம்மின் குறையைப் போனின் தலையில் கட்டிவிடுவீர்கள். பிறகு அதே சிம்மை வாங்கப்போகும் போனில் போட்டு ஓர் அழைப்பு எடுங்கள். பேசும்போது மேலே உள்ள குறியீடு 4ஜி என்றே நின்றால் வோல்டி ஓடுகிறது. எச் (3ஜி) அல்லது ஈ (2ஜி) என்று மாறினால் ஓடவில்லை. அழைப்பு நடக்கும்போதே ஒரு வட்ஸ்அப் படம் அனுப்பிப் பாருங்கள். படம் போகாமல் சுழன்றுகொண்டிருந்தாலும் அதே விடைதான். இரண்டு சிம்முக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். சாம்சங்கிலும் இதைச் செய்யத்தான் வேண்டும்: சர்வதேச மாடலில் பெரும்பாலும் தானாகவே வரும், வேறு நாட்டுக்கென வந்த பெட்டிகளில் சில வேளை வராது.

வாரண்டி என்ற சொல்

"கம்பனி வாரண்டியா, கடை வாரண்டியா?" இந்தக் கேள்வியை வாசலிலேயே கேட்டுவிடுங்கள். சாம்சங்கில் இரண்டும் உண்டு. விலை வித்தியாசம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. இலங்கையில் வற் 18 வீதம், அதற்கு மேல் இறக்குமதிச் செலவு, எல்லாம் கட்டி முறையாக வந்த பெட்டி மலிவாக இருக்க வழியில்லை. பிக்சலுக்கு இங்கே கம்பனி வாரண்டி என்று ஒன்று இல்லை. எந்தக் கடை என்ன எழுதித் தந்தாலும் அது அந்தக் கடையின் வாக்குதான்.

கடை வாரண்டி கெட்டது என்று சொல்ல வரவில்லை. நல்ல கடைக்காரர் கம்பனியைவிட வேகமாகக் கவனிப்பார். என்ன அடங்கும் என்பதை மட்டும் பில்லில் எழுத வைக்க வேண்டும். திரையில் பச்சைக் கோடு விழுந்தால் யார் பொறுப்பு? மதர்போர்ட் போனால் புதுப் போனா, திருத்தமா? திருத்தம் கொழும்பில் என்றால் போய்வரும் செலவு யாருடையது, எத்தனை நாள்? கொழும்புக்கு இங்கிருந்து சுமார் 260 கிலோமீற்றர். ஒரு திரை மாற்ற ஒரு நாள் வேலையும் பஸ் காசும் போகும் என்றால் அதுவும் போனின் விலையில் ஒரு பகுதிதான். இரண்டு போன்களுக்கும் திரை மாற்ற என்ன செலவு, பொருள் கையில் இருக்கிறதா, வரவழைக்க வேண்டுமா என்று போன் வாங்கும் கடையில் அல்லாமல் திருத்தும் கடையில் விசாரியுங்கள். பதில்கள் கொஞ்சம் உண்மையாக இருக்கும்.

வெயிலில் ஒரு கால் மணி நேரம்

கடைக்குள் குளிரூட்டிக்குக் கீழே எல்லாப் போனும் நல்ல போன்தான். முடிந்தால் இரண்டையும் காட்சிப் போனாகவோ தெரிந்தவரிடம் இரவலாகவோ வாங்கி, நண்பகலில் வெளியே எடுத்து வாருங்கள். டச்பே கடற்கரைப் பக்கம் போதும்.

திரை வெளிச்சத்துக்கு எண்ணில் பார்த்தால் பிக்சல் முன்னே நிற்கிறது: உச்சம் 3300 நிட்ஸ், சாம்சங்கில் 2600. ஆனால் எஸ்25 அல்ட்ராவின் கொரில்லா ஆர்மர் 2 கண்ணாடி ஒளித்தெறிப்பைக் குறைக்கும். பின்னால் வானமும் கடலும் பளபளக்கும்போது வாசிப்பதற்கு அது அந்த 700 நிட்ஸ் இடைவெளியைவிட உதவுகிறது என்பது எங்கள் தீர்ப்பு. ஒரு எச்சரிக்கை: மேலே சாதாரண டெம்பர் (திரையைக் காக்கும் கண்ணாடி) ஒட்டிய கணமே அந்த நன்மை போய்விடும், ஏனென்றால் இப்போது தெறிப்பது டெம்பரின் மேற்பரப்பு. இரண்டு போன்களிலும் கைரேகை உணரி திரைக்குக் கீழே ஒலியலையால் வேலை செய்வது. தடித்த மலிவு டெம்பரும், நடுவே காற்று நிற்கும்படி ஒட்டியதும் அதைக் குழப்பும். டெம்பர் ஒட்டினால் கைரேகையை அழித்துப் புதிதாகப் பதியுங்கள், ஒரே விரலை இரண்டு முறை.

அடுத்தது சூடு. இரண்டு கம்பனிகளும் தங்கள் போன்கள் 0 முதல் 35 பாகை வெப்பத்தில் பாவிக்கத் தக்கவை என்கின்றன. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் (கொறிக்கும் கச்சான் அல்ல, மேற்கே தரைப்பக்கமிருந்து வரும் அந்த வரண்ட காற்று) இங்கே நிழலிலேயே அந்த எல்லையை எட்டும். வெயிலில் நின்று நொடிக்கு 60 படம் ஓடும் 4கே 60 காணொளியைத் தொடர்ச்சியாக 10 நிமிடம் எடுங்கள். கவனிக்க வேண்டியவை மூன்று: திரை தானாக மங்குகிறதா (எத்தனையாவது நிமிடத்தில்), பதிவு நின்று எச்சரிக்கை வருகிறதா, எடுத்த காணொளியில் கடைசி நிமிடம் முதல் நிமிடத்தைப் போல் ஓடுகிறதா. திரை மங்குவது பழுதில்லை, போன் தன்னைக் காப்பாற்றும் வழி. எந்தப் போன் முதலில் மங்குகிறது என்பதே உங்களுக்கு வேண்டிய விடை. தடித்த கவரோடு ஒன்றையும் கவரில்லாமல் மற்றதையும் வைத்துச் சோதித்தால் அந்த விடைக்குப் பெறுமதியில்லை.

கையில் பிடித்துப் பார்ப்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். சாம்சங் 218 கிராம், பிக்சல் 232 கிராம். பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. படுத்துக்கொண்டு பார்க்கும்போது மூக்கில் விழுந்தால் தெரியும்.

கமராவை எப்படி எதிரெதிரே வைப்பது

முதலில் இரண்டின் லென்ஸையும் பருத்தித் துணியால் துடையுங்கள். காட்சிப் போன்களின் லென்ஸில் ஊரே விரல் வைத்திருக்கும். பாதிப் போன்கள் அந்த அழுக்கினால்தான் தோற்கின்றன.

எண்களில் சாம்சங்குக்கு நான்கு பின் கமராக்கள்: 200 மெகாபிக்சல் முதன்மை, 50 அகலக்கோணம், 3 மடங்குக்கு 10, 5 மடங்குக்கு 50. பிக்சலுக்கு மூன்று: 50 முதன்மை, 48 அகலக்கோணம், 5 மடங்குக்கு 48. பிக்சலில் 3 மடங்குக்கென்று தனி லென்ஸ் இல்லை, முதன்மைப் படத்தை வெட்டித்தான் அங்கே போகும். இரண்டு போன்களாலும் ஒரே நேரத்தில் மூன்று காட்சிகளை எடுத்துப் பாருங்கள். பிரட்றிக் கோட்டைக்குள் மேயும் மான்களை 3 மடங்கிலும் 5 மடங்கிலும். பிறகு மாலை விளக்கேற்றும் நேரத்தில் நம் நிறமுள்ள இருவரை, ஒருவர் மாநிறம், ஒருவர் கருமை, மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில். முகம் சாம்பல் பூத்தோ அளவுக்கு மீறி வெளுத்தோ வந்தால் அந்தப் போனில் கலியாண வீட்டுப் படங்கள் எல்லாம் அப்படித்தான் வரும். மூன்றாவதாக, ஓடும் பிள்ளையை வீட்டுக்குள் எடுங்கள். சாம்சங் இதில் கொஞ்சம் கலங்கலாக எடுக்கும் பழக்கமுடையது. பிக்சல் பொதுவாக நிறுத்திப் பிடிக்கும்.

படங்களை ஒப்பிட வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிவிடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பி, ஒரே திரையில் பெருக்கிப் பாருங்கள்.

பிக்சலின் 100 மடங்கு உருப்பெருக்கம் பற்றி ஒரு சொல். 30 மடங்குக்கு மேல் போனால் படத்தை நிரப்புவது செயற்கை நுண்ணறிவு. கோணேசர் மலையில் நின்று தூரத்துக் கப்பலை எடுத்தால் கம்பிகள் எல்லாம் கூர்மையாக வரும். கப்பலின் பெயர் அரைகுறையாகத் தெரிந்திருந்தால் எழுத்தையும் அது ஊகித்து வரைந்துவிடலாம். அழகான படம், சாட்சியாகக் காட்டத் தகாத படம்.

இரண்டிலும் மெமரி கார்ட் போட முடியாது. நொடிக்கு 30 படம் ஓடும் 4கே காணொளி நிமிடத்துக்கு 300 முதல் 400 எம்பி பிடிக்கும், மணித்தியாலத்துக்கு 20 ஜிபி அளவில். திருவிழா, பிறந்தநாள் என்று எடுப்பவருக்கு 256 ஜிபி இரண்டாவது ஆண்டிலேயே நெருக்கும். இரண்டு போன்களுக்கும் 7 ஆண்டுக்கு அப்டேட் தருவதாக வாக்கு இருப்பதால், நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவர் 512 க்குப் போவது நல்லது.

பற்றரி, சார்ஜர்

சாம்சங் 5000 மில்லிஆம்பியர்-மணி, பிக்சல் 5200. அரை மணி நேரத்தில் சாம்சங் 65 வீதம், பிக்சல் 70 வீதம் வரை ஏறும் என்பது கம்பனிகளின் கணக்கு, இரண்டும் 45 வாட் சார்ஜரோடு. பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. அதனால் 'பிபிஎஸ்' (போனுக்கேற்ப மின்னழுத்தத்தை மாற்றித் தரும் முறை) ஆதரவுள்ள 45 வாட் சார்ஜரும், சாம்சங்குக்கு 5 ஆம்பியர் கேபிளும் தனியாக வாங்கும் காசைக் கணக்கில் சேருங்கள். 3 ஆம்பியர் கேபிளில் சாம்சங் 25 வாட்டோடு நிற்கும். போன் பழுதென்று நினைத்துக் கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. 13 ஆம்பியர் சதுர முள் பிளக் உள்ளதாகவே கேளுங்கள். வெளிநாட்டுப் பிளக்குக்கு அடப்டர் போட்டு, அது தளர்ந்து பொறி தட்டும் வேலை வேண்டாம்.

பிக்சல் 10 வரிசையில் ஒரு கட்டாய ஏற்பாடு இருக்கிறது: 200 சார்ஜ் சுற்றுக்குப் (ஒருமுறை முழுதாக ஏற்றுவது ஒரு சுற்று) பின் பற்றரியின் உச்ச மின்னழுத்தத்தைப் போன் படிப்படியாகக் குறைக்கும், 1000 சுற்று வரை. நிறுத்த முடியாது. தினமும் முழுதாக ஏற்றுபவருக்கு அது ஏழாவது மாதத்திலேயே தொடங்கும். சாம்சங்கில் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் கையில்.

பாவித்த போன் என்றால் பிக்சலில் 'அபௌட் போன்' பகுதியில் பற்றரித் தகவல் திறந்து சுற்று எண்ணிக்கையைப் பாருங்கள். சாம்சங்கில் *#0*# அழுத்தினால் திரை, தொடுகை, ஒலிபெருக்கி, உணரிகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பக்கம் வரும். விற்பவரையே உங்கள் முன்னால் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு முழுதாக அழிக்கச் சொல்லி, புதிதாகத் திறக்கும்போது பழைய கணக்கைக் கேட்கிறதா, யாரோ ஒரு நிறுவனம் நிர்வகிக்கும் போன் என்று காட்டுகிறதா பாருங்கள். இரண்டாவது வந்தால் எங்கோ தவணை கட்டாமல் விட்ட போனாக இருக்கலாம். மேசையில் வைத்துவிட்டு எழும்புங்கள்.

உப்பும் தண்ணீரும்

தூசியையும் தண்ணீரையும் தாங்கும் அளவைக் குறிக்கும் ஐபி68 என்ற முத்திரை இரண்டிலும் உண்டு. அது நல்ல தண்ணீரில், ஆய்வுகூடத்தில் எடுத்த அளவு. கடல் நீருக்கு இல்லை. புறாத்தீவுக்குப் படகில் போகும்போது கழுத்தில் தொங்கும் தண்ணீர் புகாத உறை இல்லாமல் எந்தப் போனையும் கொண்டு போகாதீர்கள். உப்புத் தண்ணீர் தெறித்தால் உடனே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, போர்ட் கீழே பார்க்க நிறுத்தி உலர விடுங்கள். ஈரம் என்ற எச்சரிக்கை திரையில் இருக்கும்போது கேபிளைச் சொருகினால் முனைகள் பச்சை பிடித்து அரிக்கும். சேவை நிலையத்தில் அந்தப் பச்சையைப் பார்த்தவுடன் வாரண்டி பேச்சு முடிந்துவிடும். கடற்கரையை ஒட்டிய உப்புவெளி, நிலாவெளி வீடுகளில் போன் நனையாமலே இது மெல்ல நடக்கும். அங்கே காந்தத்தில் ஒட்டி வயரில்லாமல் 25 வாட் வரை ஏறும் பிக்சலுக்கு ஒரு நன்மை இருக்கிறது, போர்ட்டில் அடிக்கடி கேபிளைச் சொருக வேண்டியதில்லை. சாம்சங்கில் வயரில்லாமல் 15 வாட், காந்தம் வேண்டுமானால் அதற்கான கவர் வாங்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வசதிகளைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் ஆங்கிலத்தில் ஓடுவதை உங்கள் தமிழில் ஓடவிட்டுப் பாருங்கள். "மாமி, நாளைக்கு விடிய வாறன், சாவியைப் பக்கத்து வீட்டில குடுத்து வையுங்கோ" என்று இரண்டு போனுக்கும் சொல்லி, எழுத்தாக எப்படி விழுகிறது என்று பார்த்தால் போதும். சில வசதிகள் நாடு பார்த்தே திறக்கும். திறக்காத வசதிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கணக்குத் தாளும் பில்லும்

ஒரு தாளில் இரண்டு நிரல் போடுங்கள். போன் விலை, சார்ஜர், கேபிள், கவர், டெம்பர், கார்டில் கட்டினால் மேலதிகமாக எடுக்கும் வீதம், ஒருமுறை திரை மாற்றும் செலவு, அதற்குக் கொழும்பு போய்வரும் செலவு. கூட்டி, எத்தனை ஆண்டு பாவிப்பீர்களோ அதனால் பிரியுங்கள். உதாரணத்துக்கு, கம்பனி வாரண்டிப் பெட்டி 40,000 ரூபா கூட என்று வைத்தாலும் ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 8,000.

எங்கள் கருத்து வெளிப்படையாக: ஊரில் இருந்துகொண்டு, இரண்டு சிம் வைத்து, அழைப்பை நம்பித் தொழில் செய்பவருக்கு கம்பனி வாரண்டியுள்ள எஸ்25 அல்ட்ராவின் 'பி' மாடல். அதனுள் வரும் எஸ் பென் என்ற பேனாவுக்காக மட்டும் அதை வாங்க நினைப்பவர், இந்த மாடலின் பேனாவில் புளூடூத் இல்லை, தூர நின்று படம் எடுக்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். பிள்ளைகளைப் படமெடுப்பதே முதல் வேலை, குரல் அழைப்பு முழுக்க வட்ஸ்அப்பில்தான் என்பவருக்குப் பிக்சல், சிம் தட்டு உள்ளதாக.

பில்லில் மாடல் எண் கடைசி எழுத்தோடு, இரண்டு ஐஎம்இஐ எண்களும், வாரண்டி காலமும் வகையும், கடையின் முத்திரையும் இருக்க வேண்டும். பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, பிரிப்பதைப் பழைய போனில் காணொளியாக எடுங்கள். எழுதித் தந்ததை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 க்கு அழைக்கலாம். அங்கே முதலில் கேட்பது பில்லைத்தான். வெப்பத்தாளில் அடித்த பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றைக்கே அதைப் படம் எடுத்து, புதுப் போனில் அல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள்.